ஸ்ரீவி பால்கோவாவும் வாடகைக் கல்லாவும்

ஆன்லைன் கடையோட வரலாறு எழுதுறவங்க எல்லாரும் அமெரிக்காவுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. நான் தபாலாபீஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். 1877ல இந்தியத் தபால் துறை வி.பி.பி.ன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. கடைக்காரர் பொருளைப் பார்சல்ல அனுப்புவார், தபால்காரர் வீட்டு வாசல்ல காசை வாங்கிக்கிட்டுப் பொருளைக் கொடுப்பார், காசு கடைக்காரருக்குப் போய்ச் சேரும். ஃப்ளிப்கார்ட் 2010ல கேஷ் ஆன் டெலிவரின்னு ஆரம்பிச்சப்போ ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசினாங்க. நம்ம தாத்தாக்கள் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒரு கார்டு எழுதிப்போட்டு லேகியமும் கைக்கடிகாரமும் வரவழைச்ச அதே சமாச்சாரம்தான் மக்களே.

வி.பி.பி. வியாபாரத்துல கடைக்காரர் கையில ஒரு நோட்டு இருக்கும். யாரு, எந்த ஊரு, என்ன வாங்கினார், பார்சல் திரும்பி வந்துச்சா. தபால் துறை தூக்கிட்டுப் போற வேலை மட்டும்தான் செய்யும், நோட்டு கடைக்காரரோடது. இந்தப் பதிவு முழுக்க அந்த நோட்டைப் பத்தித்தான்.

நான் பொட்டி தட்டுறவன். ஆபீஸ்ல புடுங்குற ஆணி போக, ஊர்ப்பக்கம் தெரிஞ்சவங்க ரெண்டு பேருக்கு அவங்களோட பழைய ஆன்லைன் கடையை வாடகைத் தளத்துக்கு மாத்திக் கொடுக்கிற வேலை 2022 கடைசியில வந்துச்சு. ஒண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பால்கோவா கடை. இன்னொண்ணு ராஜபாளையத்துல ஒரு நைட்டி மொத்த வியாபாரி. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு டஜன் கிலோமீட்டர் இருக்கும். பேரெல்லாம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஆனா அந்த வேலையில தெரிஞ்சுக்கிட்ட வரலாறு பதிவு பண்ண வேண்டியதுன்னு தோணுது.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தைத் தள்ளி வைச்சிடலாம். சொந்தமா கோடு எழுதிக் கடை கட்டுறது பழைய காலம், வாடகைத் தளம் புதுக் காலம்னு எல்லாரும் நினைக்கிறோம். வரிசை அப்படி இல்ல. பால் கிரஹாம், ராபர்ட் மோரிஸ் ரெண்டு பேரும் 1995ல ஆரம்பிச்ச வயாவெப் ஒரு வாடகைத் தளம்தான். கடைக்காரர் தன் கம்ப்யூட்டர்ல எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல. பிரவுசரைத் திறந்து பொருளையும் விலையையும் அடிச்சா, கடை அவங்க சர்வர்ல ஓடும், மாசாமாசம் வாடகை. லிஸ்ப் மொழியில எழுதினாங்க. 1998ல யாகூ அதை கிட்டத்தட்ட 49 மில்லியன் டாலர் பெறுமான பங்குகளுக்கு வாங்கி யாகூ ஸ்டோர்னு பேர் மாத்துச்சு. ஆக, இந்தியாவுல ஃபேப்மார்ட் ஆரம்பிச்ச 1999க்கு முன்னாடியே வாடகைக் கல்லா வந்தாச்சு.

அப்புறம் ஏன் நம்ம ஊர்க் கடையெல்லாம் சொந்தமா கட்டிக்கிட்டாங்க? டெக்னாலஜி காரணமே இல்ல. வாடகை டாலர்ல இருந்துச்சு. டாலர்ல கட்டணும்னா வெளிநாட்டுல செல்லுபடியாகிற கிரெடிட் கார்டு வேணும். 2000களின் தொடக்கத்துல ஸ்ரீவியில எத்தனை கடைக்காரர்கிட்ட அது இருந்திருக்கும்? சரி, வாடகை கட்டியாச்சுன்னே வைச்சுக்குவோம். வாடிக்கையாளர்கிட்ட ரூபாயை எப்படி வாங்குறது? நம்ம பேங்க் கார்டை எடுத்துக்கிற கேட்வேயை அந்தத் தளத்துல மாட்ட வழி இல்ல. சிசிஅவென்யூ மாதிரி ரூபாய் வாங்கித் தர்ற சேவை 2001 வாக்குலதான் இங்க வந்துச்சு, அதை மாட்டுறதுக்கு நம்ம ஊர்ல ஒரு ஆள் கோடு எழுதணும். எழுதுறதுக்கு ஆள் இருந்தாங்க. இஞ்சினியரிங் முடிச்சிட்டு கேம்பஸ்ல கிடைக்காம வீட்டுல இருந்த பையங்க. பி.எச்.பி., மைசீக்வல் ரெண்டும் இலவசம். ஜெர்மனியில 2000த்துல பிறந்த ஓஎஸ்காமர்ஸும் இலவசம். அதைப் பிரிச்சு மேஞ்சு ஒரு கடை கட்டிக் கொடுத்தா பையனுக்கு ஒரு வண்டி வாங்குற காசு.

தமிழ்ப் புத்தகக் கடைகளும் கிட்டத்தட்ட இதே வழியில வந்தவைதான். உடுமலை, எனிஇந்தியன், நியூ ஹொரைசன் மீடியான்னு 2000களில் நாம புத்தகம் வாங்கின இடங்களை யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரு கடையில தமிழ்ல தேடலாம், இன்னொண்ணுல தேட முடியாது. இப்போ எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே மூஞ்சி. அது இருக்கட்டும்.

பால்கோவா கடையோட சிஸ்டம் 2006ல எழுதினது. எழுதினவர் ரெண்டு வருஷத்துல வெளிநாடு போயிட்டார். அதுக்கப்புறம் யாரும் பெருசா கை வைக்கல. கோடுக்குள்ள ஒரு இடத்துல தங்கிலீஷ்ல ஒரு குறிப்பு இருந்துச்சு: 'இங்க கை வைக்காதே, கோவா கெட்டுப்போகும்'. சிரிச்சேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் அது நக்கல் இல்ல, நிஜமான எச்சரிக்கைன்னு புரிஞ்சுது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

பதினாறு வருஷம் ஓடின சிஸ்டம் ஏன் சாகுது? 'பழசாயிடுச்சு'ன்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. கோடு இரும்பா என்ன, துருப்பிடிக்க? அது அப்படியேதான் இருக்கு, சுத்தி இருக்கிறதுதான் நகருது. ஒவ்வொரு நகர்வுக்கும் தேதி உண்டு.

அந்தக் காலத்து ஓஎஸ்காமர்ஸ் வேலை செய்யணும்னா பி.எச்.பி.யில ரெஜிஸ்டர் குளோபல்ஸ்னு ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கணும். பாதுகாப்பே கிடையாதுன்னு 2002லேயே அதை இயல்பா மூடிட்டாங்க, வேணும்கிறவங்க திறந்துக்கலாம்னு விட்டாங்க. 2012ல வந்த 5.4 பதிப்புல ஜன்னலையே சுவரா கட்டிட்டாங்க. டேட்டாபேஸோட பேசுற பழைய மைசீக்வல் ஃபங்ஷன்களை 2013ல 'இனிமே பயன்படுத்தாதீங்க'ன்னு சொல்லி, 2015 டிசம்பர்ல வந்த 7.0 பதிப்புல தூக்கிட்டாங்க. இந்தக் கடை 5.3லயே உக்காந்துக்கிச்சு. வீட்டை இடிக்காம மேல ஏற முடியாது.

காசு பக்கம் இன்னும் வேகம். ஆன்லைன்ல கார்டு தேய்ச்சா கூடுதலா ஒரு பாஸ்வேர்டு கேட்டே ஆகணும்னு ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1ல இருந்து கட்டாயமாக்குச்சு. அதுக்கு யாரோ ஒரு பையன் வந்து ஒட்டுப் போட்டிருக்கார். 2016ல யு.பி.ஐ. வந்துச்சு. 2017 ஜூலை 1ல ஜி.எஸ்.டி., பில் ஃபார்மேட்டே மாறிப் போச்சு. பழைய கோடுல வாட்னு அடிச்ச இடத்துல எல்லாம் ஜி.எஸ்.டி.ன்னு மாத்தி எழுதி வைச்சிருந்தாங்க, கணக்கு என்னவோ பழைய கணக்கு. அதனால பில்லைத் தனியா டேலியில போட ஆரம்பிச்சாங்க. ஒரே ஆர்டரை ரெண்டு தடவை அடிக்கணும்.

உண்மையான அடி 2018ல விழுந்துச்சு. கார்டு தொழிலோட பாதுகாப்பு விதிப்படி, பழைய டி.எல்.எஸ். பதிப்புல பேசுறதை எல்லா கேட்வேயும் ஜூன் 30க்குள்ள நிறுத்தணும். புதுப் பதிப்பு பேசணும்னா சர்வர்ல 2012க்கு அப்புறம் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் வேணும். இவங்க சர்வர்ல இருந்தது அதுக்கும் முந்தினது. 'காசு வந்துச்சா'ன்னு கேட்வேகிட்ட கேக்கிற கோடு கேள்வி கேக்குது, பதில் வரல. அடுத்த மாசமே குரோம் பிரவுசர் பூட்டு இல்லாத தளத்தை எல்லாம் 'பாதுகாப்பானது இல்லை'ன்னு எழுதிக் காட்ட ஆரம்பிச்சுது. 2018 ஜூலையில இருந்து அந்தக் கடையில கார்டு வியாபாரம் இல்ல. ஆர்டர் வரும், அக்கா (கணக்கு பார்க்கிறவங்க, பதினஞ்சு வருஷமா அங்க இருக்காங்க) போன் பண்ணி பேங்க் நம்பர் சொல்லுவாங்க. பின்னாடி வாட்ஸப்ல கியூ.ஆர். படம் அனுப்பினாங்க. ஆன்லைன் கடை மறுபடி வி.பி.பி. காலத்துக்கே போயாச்சு, தபால்காரர்தான் இல்ல :-)

அடுத்த வருஷம், 2019ல, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. பேப்பர்ல எல்லாம் வந்து ஊர் ஊரா தேடி வாங்க வர்ற நேரத்துல, உண்மையான ஸ்ரீவி கடையில கார்டு தேய்க்க வழி இல்ல.

கடைசி ஆணி, சர்வர் வாடகைக்கு விட்டவங்க பழைய பி.எச்.பி. மெஷினை மூடப்போறோம்னு கொடுத்த மூணு மாச நோட்டீஸ். அதே 2022 அக்டோபர் 1ல இருந்து கடைக்காரங்க யாரும் வாடிக்கையாளர் கார்டு நம்பரைச் சேமிச்சு வைக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியும் அமலுக்கு வந்துச்சு. "தம்பி, நான் பாலைக் காய்ச்சவா, இதையெல்லாம் படிச்சுக்கிட்டு இருக்கவா?"ன்னு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. வாடகைத் தளத்தோட மொத்த வியாபார சூட்சுமமே இந்தக் கேள்விதான். மேல சொன்ன தேதி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா தச்சர் கூப்பிட வேண்டியதில்ல, ஒரே தச்சர் லட்சம் கடைக்கும் சேர்த்து வேலை பார்த்துடுவார்.

இப்போ மாத்தின கதை. இதுல எனக்குப் பிடிச்ச பகுதி தமிழ் எழுத்து.

பழைய கடையில வாடிக்கையாளர் பதிவு பண்ணும்போது ஒரு கேள்வி இருக்கும்: 'சொந்த ஊர் எது?' வேற எந்தக் கடையிலயும் நான் இதைப் பார்த்ததில்ல. சென்னையிலயும் பெங்களூர்லயும் உக்காந்து பால்கோவா வாங்குறவங்கள்ல பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆளுங்க. வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், மம்சாபுரம்னு எழுதுவாங்க. அக்கா அதைப் பார்த்துட்டு பார்சல்ல ஒரு துண்டுச் சீட்டு வைப்பாங்க, 'மம்சாபுரத்துல நல்ல மழை'ன்னு. வாடகைத் தளத்துல பேர், முகவரி, போன், மெயில் எல்லாத்துக்கும் பெட்டி இருக்கு. சொந்த ஊருக்குப் பெட்டி இல்ல.

அந்தச் சொந்த ஊர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தா, திரையில எல்லாம் தலையில சாய்வா கோடு போட்ட இங்கிலீஷ் ஏ எழுத்தும், வட்டத்துக்குள்ள ஆர் எழுத்துமா ஓடுது. இந்த உருவத்தைப் பார்த்த நம்மாளு உடனே கண்டுபிடிச்சிடுவான். யுனிகோடு தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் யூடிஎஃப்8 முறையில மூணு பைட்டு. தமிழோட எல்லா எழுத்துக்கும் முதல் பைட்டு ஒண்ணேதான். ரெண்டாவது பைட்டு ரெண்டுல ஒண்ணு. அதை லத்தீன் எழுத்துன்னு நினைச்சுப் படிச்சா இப்படித்தான் ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வரும். மைசீக்வல்ல 2004 வாக்குல 4.1 பதிப்பு வந்தப்போதான் ஒழுங்கான எழுத்து முறை ஆதரவே வந்துச்சு. அப்பவும் இயல்பா இருந்தது லத்தீன்தான். எழுதினவர் மாத்தாம விட்டுட்டார். தமிழ் உள்ள போச்சு, லத்தீன் வேஷத்துல உக்காந்துச்சு, திரும்ப வெளிய வரும்போது வேஷத்தைக் கலைச்சுத் தமிழாவே வந்துச்சு. பதினாறு வருஷம் யாருக்கும் தெரியல. வெளிய வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போகும்போதுதான் வேஷம் தெரியுது.

வேஷத்தைக் கலைக்கிற டூல் நிறைய இருக்கு. ஒண்ணைப் போட்டுச் சோதனை ஓட்டம் விட்டா, எழுத்தெல்லாம் வந்துச்சு, புள்ளி மட்டும் வரல! புள்ளி இருந்த இடத்துல எல்லாம் கேள்விக்குறி. உகரத்துக்கான கொம்பும் இல்ல. ஏ, ஐ ரெண்டும் இல்ல. காரணம் ரொம்ப அழகு. விண்டோஸோட லத்தீன் அட்டவணையில மொத்தம் 256 இடம், அதுல அஞ்சு இடம் காலி, எந்த எழுத்தும் கிடையாது. தமிழ்ப் புள்ளியோட மூணாவது பைட்டு நேரா போய் அந்தக் காலி இடங்கள்ல ஒண்ணுல உக்காருது. உகரக் குறி இன்னொண்ணுல, ஏ ஒண்ணுல, ஐ ஒண்ணுல. அஞ்சு காலி நாற்காலியில நாலுல தமிழ். மைசீக்வல் அந்தக் காலி இடத்தையும் காப்பாத்தி வைக்கும். வெளி டூல் 'இங்க யாரும் இல்லையே'ன்னு கூட்டித் தள்ளிடும். ஓலைச்சுவடியில புள்ளி வைக்க மாட்டாங்க, ஓலை கிழிஞ்சிடும்னு. நாம படிச்சுக்குவோம். இந்தக் காலத்துல கேள்விக்குறி வைச்சுக் கொடுக்குது கம்ப்யூட்டர். தீர்வு என்னன்னா, எழுத்தா எடுக்காம வெறும் பைட்டா எடுக்கணும். டேட்டாபேஸ்கிட்ட 'இது எழுத்தே இல்ல, எண்கள்'னு சொல்லி வாங்கி, வெளிய வந்தப்புறம் 'இது யூடிஎஃப்8'னு சொல்லணும். புள்ளியெல்லாம் வந்துடுச்சு.

ஒண்ணே ஒண்ணு வரல. சொந்த ஊர்ப் பெட்டியோட அகலம் 50. இங்கிலீஷுக்கு 50 எழுத்து ஏராளம். ஆனா லத்தீன் வேஷத்துல இருக்கிற தமிழுக்கு 50ங்கிறது 50 பைட்டு, அதாவது பதினாறு குறியீடும் ரெண்டு பைட்டு மிச்சமும். 'ராஜபாளையம்' பத்து குறியீடு, 30 பைட்டு, சௌகரியமா உக்காரும். 'ஸ்ரீவில்லிபுத்தூர்' பதினெட்டு குறியீடு, 54 பைட்டு. எண்ணிப் பாருங்க, எழுத்து, புள்ளி, கொம்பு, சுழி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணணும். ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையோட டேட்டாபேஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர்ங்கிற பேருக்கு இடம் இல்ல. தமிழ்ல ஊர்ப் பேர் எழுதின எல்லாருக்கும் கடைசி 'ர்' காணாமப் போய் 'ஸ்ரீவில்லிபுத்தூ'ன்னு நிக்குது. சரி, சுத்தத் தமிழ்ல 'திருவில்லிபுத்தூர்'னு எழுதினவங்க தப்பிச்சாங்களான்னு பார்த்தா, அதுவும் பதினெட்டுதான். அதுவும் 54.

இதுல ஸ்ரீ வேற ஒரு தலைவலி. முன்னாடி நாம ஸ்ரீயை ஸகரத்தை வைச்சு அடிச்சோம். 2005ல யுனிகோடு 4.1 பதிப்புல ஶகரம் தனி எழுத்தா வந்துச்சு, அதுக்கப்புறம் சில கீபோர்டுங்க ஸ்ரீயை அதை வைச்சு அடிக்குது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு வேற வேற ஊர். இங்கிலீஷ்ல எழுதினவங்க ஒரு டி போட்டு, ரெண்டு டி போட்டு, டிக்குப் பின்னாடி எச் போட்டு ஒரு குடும்பமே வைச்சிருந்தாங்க. 'ஸ்ரீவி'ன்னு மட்டும் எழுதின உள்ளூர்க்காரங்க புத்திசாலிங்க. இதோட மாவட்டம் வேற. 1985ல ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரிச்சுக் காமராசர் மாவட்டம்னு வைச்சாங்க, பிறகு அது விருதுநகர் மாவட்டம் ஆச்சு. மூணு பேரையும் எழுதற ஆளுங்க இன்னும் இருக்காங்க. 626125ங்கிற பின்கோடு மட்டும்தான் எல்லாரும் ஒரே மாதிரி எழுதினது. 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு கொண்டு வந்த தபால் துறைக்கு ஒரு கும்பிடு.

'கை வைக்காதே' குறிப்புக்கு வர்றேன். பால்கோவா பாலும் சர்க்கரையும்தான், வேற எதுவும் சேர்க்கிறதில்ல. ரொம்ப நாள் தாங்காது. அந்தக் குறிப்புக்குக் கீழ இருந்த கோடு பின்கோடோட முதல் ரெண்டு இலக்கத்தைப் பார்க்கும். 60ல இருந்து 64 வரைக்கும் தமிழ்நாடு, தினமும் அனுப்பு, சனிக்கிழமை தவிர. 56னா பெங்களூர்ப் பக்கம், திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும். 67ல இருந்து 69 வரைக்கும் கேரளா, அதுலயும் ஓணம் வாரத்துல கிடையாது. மத்ததுக்கு 'மன்னிக்கவும்'. ஏப்ரல், மே மாசத்துல ஒரு நாள் குறைவு. இப்படி ஒண்ணரைப் பக்கம். இது யாரும் உக்காந்து யோசிச்சு எழுதினது இல்ல. ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் எங்கயோ ஒரு பார்சல் கெட்டுப்போயிருக்கு.

அதுல ஒரே ஒரு டெல்லி பின்கோடு மட்டும் தனியா அனுமதி வாங்கியிருந்துச்சு. பக்குன்னு ஆச்சு, யாராவது ஹேக் பண்ணி வைச்சிருக்காங்களோன்னு. அக்காகிட்ட கேட்டேன். "அது டெல்லிப் பெரியவர் தம்பி. ஆடிப்பூரத்துத் தேருக்கு வருசா வருசம் வருவார். நடக்க முடியாமப் போனப்புறம் ஆர்டர் போடுவார். இங்க இருந்து போற ஆள் யாராவது இருந்தா கையில கொடுத்து விடுவோம்"னாங்க. இப்பவும் ஆர்டர் வருதான்னு கேட்டேன். "அஞ்சாறு வருசமா வரல"ன்னாங்க. அப்புறம் "எடுத்துடாதீங்க"ன்னாங்க.

வாடகைத் தளத்துல அனுப்புற இடத்தை மாநிலம் மாநிலமாப் பிரிக்கலாம். பின்கோடு வாரியா, கிழமை வாரியாப் பிரிக்கணும்னா தனியா ஒரு ஆப் மாட்டணும், அதுக்குத் தனி மாச வாடகை, அதை எழுதினது மூணாவது ஒரு கம்பெனி. மாட்டினோம். ஒண்ணரைப் பக்க விதியில முக்கால்வாசி உள்ள போச்சு. ஓணமும் கோடையும் போகல, அதை அக்கா கேலண்டர்ல எழுதி வைச்சுக் கையால மாத்துறாங்க. டெல்லி பின்கோடை உள்ள போட்டேன். சொந்த ஊரை வாடிக்கையாளர் குறிப்புங்கிற பெட்டியில தள்ளினோம், தேட முடியாது, படிக்கலாம். பாஸ்வேர்டு எதுவும் வரல. பெரும்பாலான வாடகைத் தளங்கள் வெளியில இருந்து பாஸ்வேர்டைச் சுருக்கின வடிவத்துல கூட வாங்கிக்காது, அதுக்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு, சரியான காரணம்தான். சில ஆயிரம் பேருக்கு மெயில் போட்டு மறுபடி உள்ள வரச் சொல்லணும். பாதிப் பேரோட மெயில் முகவரி 2000களோட யாகூ, ரெடிஃப். திறந்து பார்த்திருப்பாங்களா? அக்கா போன் நம்பர் பட்டியலை எடுத்துக்கிட்டு ஒரு மாசம் கூப்பிட்டாங்க.

சொந்தமா வைச்சிருக்கிறது, வாடகைக்கு எடுக்கிறதுங்கிற இந்தச் சண்டைக்கு ராஜபாளையம் பழைய ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ல ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்ச அதே குழுமத்துல இருந்துதான் ராம்கோ சிஸ்டம்ஸ் வந்துச்சு. 1990களில் மார்ஷல்ங்கிற பேர்ல ஈ.ஆர்.பி. பண்ணி வித்தாங்க. வெளிநாட்டு ராட்சதங்களோட மோதின இந்தியச் சாஃப்ட்வேர் பொருள்னு பார்த்தா அது முன்வரிசையில இருக்கணும், அதிகம் பேசப்படல. 1997ல தனிக் கம்பெனி ஆச்சு. அப்போ லைசென்ஸ் வாங்கி உங்க மெஷின்லயே வைச்சுக்கலாம். 2000களின் பிற்பகுதியில அவங்களே மாச வாடகைக்கு, தங்கள் சர்வர்ல ஓட்டித் தர்ற பக்கம் திரும்பிட்டாங்க. அதே ரோட்டுல தெக்க போனா தென்காசி பக்கம் மத்தளம்பாறை, ஜோஹோ 2011ல ஆபீஸ் போட்ட இடம். ஜோஹோ 2019ல ஆன்லைன் கடைக்கான வாடகைத் தளமே விட்டுச்சு. டாலர் கார்டு இல்லாததால சொந்தமா கட்டின அண்ணாச்சிக்கு, கொஞ்ச தூரத்துலயே ரூபாயில வாடகைத் தளம். காலம்!

இதை மின்சாரத்தோட ஒப்பிடுறது ஐ.டி. ஆளுங்களுக்குப் பழக்கம். ஒரு காலத்துல மில்லுக்கு மில்லு சொந்த எஞ்சின், பிறகு பைகாரா, பாபநாசம்னு கரண்ட் வந்துச்சு, எஞ்சினைக் கழட்டிட்டாங்க, அது மாதிரிதான்னு. எனக்கு ஒப்பல. கரண்ட் கம்பெனிக்கு உங்க வாடிக்கையாளர் யாருன்னு தெரியாது. நோட்டு உங்ககிட்ட இருக்கும்.

வாடகை வீட்டுக்காரர் வீட்டை இடிச்சா என்ன ஆகும்னும் நமக்குத் தெரியும். ஜியோசிட்டீஸ் 2009ல மூடினப்போ நம்மள்ல எத்தனை பேரோட ஆரம்ப காலப் பக்கங்கள் போச்சு. ஈபே இந்தியா 2018 ஆகஸ்ட்ல மூடினப்போ, பத்து வருஷமா 'நல்ல வியாபாரி'ன்னு நட்சத்திரம் சேர்த்தவங்களுக்கு அந்த நட்சத்திரம் எங்கயும் செல்லல. அதுக்காகச் சொந்த வீடு பாதுகாப்புன்னும் சொல்லிட முடியாது. மஜெண்டோ முதல் பதிப்புக்கு 2020 ஜூன் 30ஓட ஆதரவு முடிஞ்சுது. மூணே மாசத்துக்குள்ள, செப்டம்பர்ல ஒரு வார இறுதியில, மாறாம இருந்த கடைகள்ல சுமார் 2000 கடையில திருட்டுக் கோடு புகுந்து கார்டு நம்பரை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போச்சு. தனியா இருக்கிற வீட்டுலதான் கன்னம் வைப்பான்.

ராஜபாளையத்துக் கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். தளவாய்புரம் பக்கம் தைக்கிற நைட்டியை வாங்கி ஊர் ஊருக்கு அனுப்புறவர். சைஸ், கலர், துணி, கழுத்து மாடல்னு ஒரு நைட்டிக்கே முன்னூறு நானூறு வகை வரும். ஷாப்பிஃபைல ஒரு பொருளுக்கு மூணு பிரிவுதான், ரொம்ப வருஷம் 100 வகைதான் எல்லை, வகையோட எல்லையை 2025லதான் பெருசா உயர்த்தினாங்க. நாங்க பார்த்த மத்ததும் இதே ரகம். அதைவிடப் பெரிய சிக்கல் கடன். மொத்த வியாபாரத்துல யாரு உடனே காசு கொடுக்கிறா? அவரோட பழைய சிஸ்டத்துல ஒவ்வொரு கடைக்கும் ஒரு தவணை, ஒரு எல்லை. தீபாவளிக்கு முன்னாடி எல்லை தானா கூடும், தை மாசம் தானா இறங்கும். எந்த வாடகைத் தளத்துக்கும் தீபாவளி தெரியாது. "சில்லறையைக் கொண்டு போ தம்பி, மொத்தம் இங்கயே இருக்கட்டும்"னுட்டார். சில்லறை மட்டும் மாறுச்சு. மொத்தம் இன்னும் அவர் டேபிளுக்கு அடியில இருக்கிற மெஷின்ல ஓடுது, இன்டர்நெட் கனெக்ஷனைப் பிடுங்கிட்டோம். ஆர்டர் போன்ல வருது, பையன் அடிக்கிறான்.

ஸ்ரீவியில புதுக் கடை 2023 பொங்கலுக்கு முன்னாடி திறந்துச்சு. முதல் வாரத்துலயே கார்டு ஆர்டர், நாலரை வருஷத்துக்கு அப்புறம். தமிழ்ல தேடினா கிடைக்குது, பில்லு ஒரே தடவை அடிச்சாப் போதும். தேடுபொறியில பழைய பக்கம் இருந்த இடத்துல இருந்து புதுப் பக்கத்துக்கு வழிகாட்டிப் பலகை ஒவ்வொண்ணா வைச்சேன், அதுவும் வேலை செய்யுது. தளத்துல இருந்து வாடிக்கையாளர் பட்டியலை மாசம் ஒரு தடவை இறக்கி வைக்கிறதுக்கு அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன், அவங்க அதை ஒண்ணாந்தேதி ராகுகாலம் பார்த்துச் செய்யறாங்க. பட்டியலைப் பிரிண்ட் எடுக்கணுமான்னு கேட்டாங்க. எடுங்கன்னேன்.

பழைய டேட்டாபேஸைப் புள்ளி, கொம்பு எதுவும் விடாம ஒரு பிரதி எடுத்து டிவிடியில போட்டு அண்ணாச்சிகிட்ட கொடுத்தேன். சொந்த ஊர்ப் பெட்டியோட அகலத்தை 50ல இருந்து 200 ஆக்கி, 'ர்' போன இடத்துல எல்லாம் 'ர்' சேர்த்து. அவர் அதை 2006க்கு முந்தின வி.பி.பி. நோட்டுங்களோட சேர்த்துச் சிவப்புத் துணியில கட்டிப் பரண்ல வைச்சிருக்கார். டிவிடி படிக்கிற டிரைவ் அந்தக் கடைக் கம்ப்யூட்டர்ல இல்ல. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது யு.எஸ்.பி.யில மாட்டுறது ஒண்ணு வாங்கிட்டுப் போகணும்.